கூட்டமில்லாத நாளில் கனக்கும் கால்

என் சித்தி திருச்சி சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடம் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தவர். எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் "இருபத்திரண்டு வருஷம் நின்னேன்" என்றுதான் பதில் வரும். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால், சாப்பாட்டு நேரம் போக, இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடை தூங்கி வழிவது போலத் தெரியுமாம்.

ஒருநாள் வெந்நீர் பக்கெட்டில் கால்களை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் ஒரு வழக்கை முன்வைத்தார்.

"ஆடித் தள்ளுபடியில ஜனம் மொய்க்கும்டா. ஏணியில ஏறி எறங்கி, குடோனுக்கும் கவுன்டருக்குமா ஓடி, ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வருவேன். உடம்பு அசந்துபோகும். ஆனா கால் இப்படிக் கனக்காது. ஈ ஓட்டிக்கிட்டு நிக்கிற செவ்வாக்கெழமை மத்தியானம் பாரு, ரெண்டு காலும் அம்மிக்கல்லாட்டம் ஆயிடும். ஓடுனா வலிக்கல, சும்மா நின்னா வலிக்குது. இது என்ன நியாயம்?"

நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கும் உள்ளதுதான். கிரிவலம் போய் வந்த கால் ஒரு தூக்கத்தில் சரியாகிவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற கால் மாலை வரை முணுமுணுக்கிறது. சித்தியின் இடது காலில் இதற்கு ஒரு சாட்சியும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே உட்புறமாக, சுண்டுவிரல் தடிமனில், நீலமும் பச்சையும் கலந்த ஒரு கயிறு, வளைந்து வளைந்து கணுக்கால் வரை இறங்கியிருந்தது. நிற்கும்போது புடைக்கும், படுத்தால் காணாமல் போகும்.

இது எதனால் வருகிறது, சிகிச்சை என்ன செய்கிறது என்பதெல்லாம் அவருடைய அந்தக் கேள்விக்கான பதிலிலேயே அடங்கியிருக்கின்றன.

நரம்பு டாக்டரிடம் இரண்டு மணி நேரம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஊரில் இதற்கு 'நரம்பு சுருட்டல்' என்று பெயர். சித்தி அந்தப் பெயரை நம்பி, நரம்பியல் மருத்துவரிடம் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அவர் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டியதும், டாக்டர் சிரித்துவிட்டு ரத்தக்குழாய் அறுவை நிபுணர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சித்தி மேல் தப்பில்லை. தமிழில் கயிறு போல இருப்பதெல்லாம் நரம்புதான். யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். ஊசி போட வரும் நர்ஸ்கூட "நரம்பு கிடைக்கல" என்றுதான் கையைத் தட்டுகிறார். பள்ளிப் பாடப்புத்தகம் மட்டும் பிரித்துச் சொல்கிறது. மூளையின் சேதியைச் சுமப்பது நரம்பு, இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, திரும்பக் கொண்டுவருவது சிரை. சித்தியின் காலில் சுருண்டிருந்தது சிரை. மருத்துவர்கள் 'வெரிகோஸ் வெயின்' என்பதைச் சுருள்சிரை என்போம்.

காலில் சிரைகள் இரண்டு அடுக்காக ஓடுகின்றன. தசைகளுக்கு நடுவே ஆழ்சிரைகள். தோலுக்கு அடியில் மேற்சிரைகள். திரும்பிப் போகும் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழ்சிரைகள் வழியாகப் போய்விடுகிறது. மேற்சிரைகளில் பெரியது, கணுக்காலின் உட்பக்கம் கிளம்பித் தொடை இடுக்கு வரை ஏறி அங்கே ஆழ்சிரையில் சேர்கிறது. உடம்பிலேயே நீளமான சிரை அதுதான். நெடுஞ்சிரை என்று வைத்துக்கொள்வோம். சித்தியின் கதையில் வில்லன் அது. பின்னால் தெரியப்போவதுபோல, அதற்கு ஒரு நாயக வேடமும் உண்டு.

நான்கடி உயர ரத்தத் தூண்

சித்தி நல்ல உயரம். அவர் இதயத்திலிருந்து கணுக்கால் வரை அளந்தால் சுமார் நான்கடி, 120 சென்டிமீட்டர். அவர் நிற்கும்போது அந்த 120 சென்டிமீட்டருக்கும் ஒரு ரத்தத் தூண் நிற்கிறது. அதன் எடை முழுவதும் கணுக்கால் சிரையின் சுவரில் வந்து உட்காருகிறது. மாடித் தொட்டி உயரமாக இருந்தால் கீழ்க்குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதே கணக்கு.

எவ்வளவு அழுத்தம்? ரத்த அழுத்தத்தை நாம் பாதரசக் கணக்கில் சொல்கிறோம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆகவே 1,200 மில்லிமீட்டர் ரத்தத் தூணைப் பாதரசத் தூணாக மாற்றினால் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் வரும். நிற்பவரின் கணுக்கால் சிரையில் மெல்லிய ஊசியைச் செருகி அளந்து பார்த்தபோதும் 80 முதல் 100 வரைதான் கிடைக்கிறது. படுத்திருக்கும்போது அதே இடத்தில் பத்து, பதினைந்து.

கையில் பி.பி. பார்க்கும்போது டாக்டர் 120-க்கு 80 என்கிறாரே, அந்த 80 தடித்த தசைச்சுவர் உள்ள தமனியில் இருப்பது. அதற்குக் குறையாத அழுத்தத்தை, நிற்கும் காலில், மெல்லிய சுவர் உள்ள சிரை தாங்க வேண்டியிருக்கிறது.

கைக்கு ஏன் இந்தத் தொல்லை வருவதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு கையை ஒரு நிமிடம் தொங்கப் போடுங்கள். மெலிந்த கையாக இருந்தால் புறங்கையில் சிரைகள் திரண்டு வரும். இப்போது கையை மெல்ல மேலே தூக்குங்கள். நெஞ்சு மட்டத்தைத் தாண்டும் இடத்தில் அவை அமுங்கி மறைந்துவிடும். அந்த உயரத்துக்கு மேல் தூண் இல்லை. கையில் தூண் குட்டையானது; அதையும் நாம் நாளெல்லாம் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறோம். மூட்டை தூக்குகிறவர் கையில் புடைத்துத் தெரிபவை ஆரோக்கியமான சிரைகள். அவற்றைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பதுவையில் தப்பாகப் படித்த கதவு

கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு ஃபுட் வால்வு தெரியும். உறிஞ்சு குழாயின் அடியில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒருவழிக் கதவு அது. தண்ணீர் மேலே ஏற வழிவிடும், கீழே இறங்க விடாது. அது தேய்ந்து கசிந்தால் ஒவ்வொரு காலையும் குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டார் எடுக்கும். கால் சிரைகளில் அப்படி ஒன்றே ஒன்று அல்ல, வரிசையாகப் பல வால்வுகள். ஒவ்வொன்றும் இரண்டு இதழ். சட்டைப்பை போலச் சுவரில் தைத்திருக்கும். ரத்தம் மேலே போனால் பை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்கப் பார்த்தால் பை நிரம்பி, இரண்டு இதழும் நடுவில் சந்தித்து வழியை மூடிவிடும்.

இத்தாலியின் பதுவை நகர உடற்கூறியல் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் இவற்றை அழகாக வரைந்து 1603-இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு கதவுகள் என்றே பெயரும் வைத்தார். ஆனால் சிரையில் ரத்தம் வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஆகவே, ரத்தமெல்லாம் காலில் போய்த் தேங்காமல் வேகத்தைக் குறைக்கத்தான் இந்தக் கதவுகள் என்று அவர் விளக்கம் சொல்லிவிட்டார். கதவைக் கண்ணெதிரே பார்த்தும் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி கேட்டார். 1628-இல் வந்த அவருடைய நூலில் உள்ள சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். மேற்கையில் ஒரு கைக்குட்டையை லேசாக இறுக்கிக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைத்து, ஆங்காங்கே சிறு கணுக்கள் தெரியும். அவைதான் வால்வுகள். ஒரு கணுவுக்குக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து கணுவைத் தாண்டி மேலே வழித்துவிடுங்கள். மேல் விரலை எடுத்தாலும் நடுவில் உள்ள துண்டு காலியாகவே இருக்கும். மேலே உள்ள ரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுத்தவுடன் குப்பென்று நிரம்பிவிடும். சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கித்தான் ஓடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்ற எண்ணத்துக்கு முதல் பொறி இந்த வால்வுகள்தான் என்று ஹார்வி தம்மிடம் சொன்னதாக விஞ்ஞானி ராபர்ட் பாயில் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

கெண்டைக்காலில் ஒரு பம்பு

வால்வு இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் சித்தியின் கேள்விக்குத் திறவுகோல். இதைப் பலரும் கவனிப்பதில்லை. நானும் வெகுநாள் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அசையாமல் நிற்கும்போது என்ன நடக்கிறது? தமனி வழியாக வந்த ரத்தம் தந்துகிகள் என்னும் நுண்குழாய்களைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகச் சிரைக்குள் சேர்கிறது. கீழிருந்து நிரம்பி நிரம்பி ஒவ்வொரு வால்வையும் திறந்துகொண்டு மேலே போகிறது. எல்லாக் கதவும் திறந்தே கிடக்கின்றன. கணுக்காலிலிருந்து இதயம் வரை ஒரே தொடர்ச்சியான தூண். புத்தம்புது வால்வு உள்ள இருபது வயதுக் காலிலும் அசையாமல் நின்றால் அந்த 90 மில்லிமீட்டர் அப்படியே இருக்கும்.

ஓர் அடி எடுத்து வையுங்கள். கெண்டைக்கால் தசை இறுகி, நடுவில் உள்ள ஆழ்சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே பீறிடுகிறது. தசை தளர்ந்ததும் அது திரும்ப இறங்கப் பார்க்கிறது. வால்வுகள் அப்போதுதான் மூடுகின்றன. தூண் துண்டு துண்டாகிறது. கணுக்காலுக்கு மேலே இப்போது நான்கடிச் சுமை இல்லை, அடுத்த வால்வு வரை உள்ள சில அங்குலச் சுமைதான். காலியான ஆழ்சிரை, மேற்சிரையில் உள்ள ரத்தத்தையும் இணைப்புச் சிரைகள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பத்துப் பதினைந்து அடி நடப்பதற்குள் கணுக்கால் அழுத்தம் 90-லிருந்து 20, 30-க்கு இறங்கிவிடுகிறது. நடையை நிறுத்தினால் நல்ல காலில் அது மறுபடி ஏற இருபது விநாடிக்கு மேல் பிடிக்கும்.

ஆடித் தள்ளுபடியில் சித்தி ஏணி ஏறியபோதெல்லாம், மேல் தட்டுச் சேலைக்காகக் குதிகாலைத் தூக்கி எட்டியபோதெல்லாம், பம்பு ஓடியது, தூண் உடைந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் பம்பை நிறுத்திவிட்டு நான்கடித் தூணை மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டிருந்தார். அழுத்தம் தாளாமல் ரத்தத்தின் நீர்ப்பகுதி தந்துகிகளிலிருந்து கசிந்து திசுவில் ஊறியது. மாலையில் கொலுசு இறுக்கிப் பிடித்த தடம் அதுதான்.

கதவு சாத்தாமல் போனால்

பம்பும் வால்வும் ஒழுங்காக இருக்கும்வரை இது வெறும் களைப்பு. இரவு படுத்தால் தீர்ந்துவிடும். சித்திக்கு அதோடு நிற்கவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அந்தக் கயிறு முதன்முதலாகத் தெரிந்ததாம்.

கர்ப்ப காலம் சிரைகளுக்கு மும்முனைத் தாக்குதல். உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சிரைச்சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு புடைப்பு பெரும்பாலும் வடிந்துவிடும், ஆனால் சிலருக்குச் சுவர் பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை.

சிரை அகலமானால் இரண்டு இதழும் நடுவில் சந்திக்காது. மழைக்காலத்தில் சட்டம் விரிந்து கதவு சேராமல் போவது போல ஒரு சந்து விழுகிறது. அந்தச் சந்து வழியாக ரத்தம் கீழே இறங்குவதைப் பின்கசிவு என்போம். ஒரு வால்வு விட்ட சுமை அடுத்த வால்வின் தலையில், அதுவும் விரிகிறது. ஒரே நேர்க்கோட்டில் தாங்கமுடியாத சிரை பக்கவாட்டில் நீண்டு வளைந்து நெளிகிறது. வால்வு கெட்டதால் சுவர் விரிந்ததா, சுவர் தளர்ந்ததால் வால்வு கெட்டதா? தொடை இடுக்கில் உள்ள மேல் வால்வுதான் முதலில் போகும், பிறகு வரிசையாகக் கீழே சரியும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஸ்கேன் வந்த பிறகு பார்த்தால் எந்த இடத்திலும் தொடங்குகிறது. பலருக்குச் சுவரின் தளர்ச்சிதான் முன்னோடி என்பதே இன்று மேலோங்கிய கருத்து.

அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் சீதனமாக வருவது. "எங்கம்மா காலும் இப்படித்தான் இருக்கும், அவுங்க நாத்து நட்டு நின்னாங்க" என்றார் சித்தி. வயது, உடல் பருமன், நிற்கும் தொழில் எல்லாம் அதன் மேல் ஏறுபவை. டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், போக்குவரத்துக் காவலர், சலூன்காரர், ஆசிரியர், அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் என்று நிற்கும் தொழில்களின் பட்டியல் பெரிது.

இது பெண்களின் நோய் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நோயாளிகளைத் தேடாமல் பொதுமக்களிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய சுருள்சிரை ஆண்களில் 40 சதவீதம் பேருக்கும் பெண்களில் 32 சதவீதம் பேருக்கும் இருந்தது. டாக்டரிடம் போகிறவர்கள்தான் பெண்கள். ஆண்களுக்குப் பேன்ட் மறைத்துவிடுகிறது.

அதே ஆய்வில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் லேசாகவாவது இருந்தது வேறொன்று: தோலில் சிலந்தி வலை போல விரியும் மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள். சிலந்திச்சிரை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்சிரைகள் விரிந்து நிற்பதுதான் அது. மூன்று மில்லிமீட்டர் முதல் சுருள்சிரைக் கணக்கு. சிலந்திச்சிரை பெரும்பாலும் அழகு பற்றிய கவலை மட்டுமே; நம் நிறத்தில் பலருக்குக் கண்ணிலேயே படாது. அதைக் கண்டவுடன் கால் போய்விட்டது என்று பதற வேண்டாம். கால் கனப்பு, வீக்கம், அரிப்பு கூடவே இருந்தால் மட்டும் உள்ளே பெரிய சிரையில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

கணுக்காலில் துரு

சித்தி பத்து வருடம் தள்ளிப்போட்டார். அதற்குள் கணுக்காலின் உட்புறம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பழுப்பேறிவிட்டது. மஞ்சள் பூசினார், தேங்காயெண்ணெய் தடவினார், போகவில்லை. போகாது. அழுத்தத்தில் சிவப்பணுக்களும் கசிந்து திசுவில் சிதைகின்றன. அவற்றிலுள்ள இரும்பு அங்கேயே படிகிறது. ஒருவகையில் அது துருதான். அடுத்து அந்தத் தோல் தடித்து அரிக்கும். ஒருநாள் கட்டில் கால் இடித்த சின்னச் சிராய்ப்பு மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். நம் ஊரில் காலில் ஆறாத புண் என்றாலே சர்க்கரை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உட்கணுக்காலுக்கு மேலே, பழுப்பேறிய தோலில் வந்த புண் என்றால் சிரையையும் சந்தேகிக்க வேண்டும். 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் கட்டுப் போடுவதோடு கசியும் சிரையையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற இடைநிலைக் கணக்கில் 56 நாள் ஆனது. அடைப்பதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

சுருள்சிரை சில நேரம் உடைந்து ரத்தம் பீய்ச்சும். பார்க்கிறவர்கள் பதறிப்போய்த் தொடையில் துண்டை இறுக்கிக் கட்டுவார்கள். அது திரும்பிப் போகும் வழியை அடைத்து ஒழுக்கை அதிகமாக்கும். படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, கசியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் நின்றுவிடும், தூணைச் சாய்த்துவிட்டோமே. பிறகு ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு கதை. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், நீவிவிடாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அரை விநாடி

சித்தியை நிற்கவைத்துத்தான் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையில் ஜெல் தடவிக் கருவியை வைத்து, கெண்டைக்காலைக் கையால் ஒருமுறை பிழிந்தார் மருத்துவர். திரையில் ஒரு நிறம் மேலே பாய்ந்தது. கையை விட்டதும் எதிர்நிறம் கீழே இறங்கியது. நல்ல வால்வு அரை விநாடிக்குள் சாத்திவிடும். அதற்கு மேல் இறங்கினால் கசிவு என்று கணக்கு. சித்தியின் நெடுஞ்சிரையில் அந்த எதிர்நிறம் இறங்கிக்கொண்டே இருந்தது. "அதுபாட்டுக்குக் குழாயத் திறந்துவிட்ட மாதிரி வருது" என்றார் என்னிடம். நானூறு வருடத்துக்கு முன் ஹார்வி இரண்டு விரலால் கேட்ட அதே கேள்விதான் இது.

வழியையே அடைத்துவிட்டால்?

கெட்ட வால்வைச் சரிசெய்யும் களிம்போ மாத்திரையோ கிடையாது. ஆகவே சிகிச்சை என்பது கசியும் சிரையையே வழியிலிருந்து நீக்குவது. இதைச் சொன்னதும் சித்தி கேட்டது: "ரோட்டையே மூடிட்டா ரத்தம் எந்தப் பக்கம் போகும்?"

பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே ஆழ்சிரை என்ற பெரிய சாலையில்தான் போகிறது. கசியும் நெடுஞ்சிரையோ, மேலே போனதைக் கீழே கொண்டுவந்து விடும் சந்து. மூடினால் போக்குவரத்துக்கு நல்லதுதான். இன்னொரு சாட்சியும் உண்டு. 1967-இல் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் ரெனே ஃபவலோரோ வழிகாட்டியபடி, இதய பைபாஸ் அறுவையில் ஒட்டுவதற்கு எடுப்பது இந்த நெடுஞ்சிரையைத்தான். எடுத்த பிறகும் கால் நன்றாகவே இருக்கிறது. இதயத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். நேராகத் தைத்தால் வால்வுகள் இதயத்துக்கு வரும் ரத்தத்தை மறித்துவிடும். நான் சொன்ன நாயக வேடம் இதுதான்.

பழைய வைத்தியம் கொடூரமானது. ரோமானியத் தளபதி மாரியஸ், கட்டிப்போட மறுத்து, ஒரு காலின் சுருள்சிரைகளை அசையாமல் நின்று அறுத்துக்கொண்டார், அடுத்த காலை நீட்ட மறுத்துவிட்டார் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிரைக்குள் கம்பியை விட்டு முழுதாக உருவி எடுக்கும் அறுவை வந்தது. அது இன்றும் நடக்கிறது. இப்போது பெருவழக்கு, சிரையை உள்ளேயே சுடுவது. ரேடியோ அலை முறையில் வெப்பம் 120 டிகிரி, மற்றது லேசர். பசை வைத்து ஒட்டும் முறையும் உண்டு. வீட்டில் செருப்பு ஒட்டும் உடனடிப் பசையின் நெருங்கிய உறவுதான் அது.

சிறு சுருள்களுக்கும் சிலந்திச்சிரைக்கும் ஊசி. சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். பெரிய சிரையில் மருந்து ரத்தத்தில் கரைந்து வீணாகுமே? இத்தாலிய மருத்துவர் தெஸாரி 2000-இல் ஓர் எளிய வழி சொன்னார். இரண்டு சிரிஞ்சை ஒரு குழாயால் இணைத்து, மருந்தையும் காற்றையும் டபராவுக்கும் டம்ளருக்கும் காபி ஆற்றுவது போல மாற்றி மாற்றித் தள்ளினால் கெட்டி நுரையாகிவிடும். நுரை ரத்தத்தை விலக்கிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும்.

சித்திக்கு லேசர். முழங்கால் பக்கம் ஓர் ஊசித்துளை வழியாக மெல்லிய இழையை ஏற்றி, தொடை இடுக்கில் ஆழ்சிரை சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார்கள். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீரை நெடுக ஏற்றினார்கள். அது சூடு வெளியே பரவாமல் காக்கும், சிரையையும் இழையின் மேல் அழுத்தும். பிறகு சுட்டபடியே இழையை உருவினார்கள். முடிந்த கையோடு "எழுந்து நடங்கம்மா" என்றார்களாம். பம்பை ஓடவிட்டால் ஆழ்சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு குறையும். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் கோலத்தைத் தாண்டித் தானே நடந்து வந்தார். ஆனால் சுவரின் சுபாவம் மாறுவதில்லை. வேறு சிரைகளில் பிற்காலத்தில் வரக்கூடும் என்பதையும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

நீச்சல் குளத்தில் நின்ற பொறியாளர்

அமெரிக்காவின் டொலிடோ நகரில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளருக்கும் இதே நோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் சுகமாக இருப்பதைக் கவனித்தார். குளத்தில் ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. உள்ளே ரத்தத் தூண் எவ்வளவு வெளியே தள்ளுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவை வெளியே நீர்த்தூண் உள்ளே தள்ளுகிறது. அந்தக் குளத்தைத் துணியில் நெய்தால் என்ன? கணுக்காலில் அதிக இறுக்கம், மேலே போகப் போகக் குறைவு. 1950 வாக்கில் பிறந்த அந்தக் காலுறையைத்தான் இன்று மருந்துக்கடையில் வெரிகோஸ் சாக்ஸ் என்று கேட்டு வாங்குகிறோம். ஒட்டகச்சிவிங்கிக்கு இது பிறவியிலேயே உண்டு. அதன் கால் தோல் விறைப்பான உறை போல இறுகியிருப்பதால்தான் அவ்வளவு உயரத் தூணுக்குக் கீழும் கால் வீங்குவதில்லை.

திருச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொள்வது தண்டனைதான், மறுக்கவில்லை. காலையில் கால் வீங்குமுன், கட்டிலிலிருந்து இறங்குமுன் போட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் தமனி அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே போட வேண்டும். உள்ளே வரும் ரத்தமே குறைவாக இருக்கும் காலை இறுக்கினால் ஆபத்து.

நிற்பதையே குறைக்க ஒரு சட்டமும் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா வந்து நிறைவேறியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும். கேரளம் 2018-லேயே செய்திருந்தது. சித்தி ஓய்வுபெற்ற பிறகு வந்த சட்டம். உட்கார்ந்தால் தூண் குட்டையாகும், அழுத்தம் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். அசையாமல் உட்கார்ந்தால் பம்பு அப்போதும் ஓடாது. உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் ஓடும்.

போன மாதம் என் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சித்தியோடு அந்தக் கடைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மதியம். கவுன்டருக்கு அடியில் ஒரு ஸ்டூல் இருந்தது, அதன் மேல் நாலு அட்டைப்பெட்டி. இருபது வயது இருக்கும் ஒரு பெண், ஒரு கால் மாற்றி மறு காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சித்தி பெட்டிகளை இறக்கிக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, விரித்துப் போட்டிருந்த சேலை எதையும் பார்க்காமல் நிமிர்ந்து மேலே கையைக் காட்டினார்.

"அந்தக் கடைசித் தட்டுல அரக்கு கலர் இருக்கே, அத எடும்மா."

எடுத்தாள். பிடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் உள்ளது. அதுவும் பிடிக்கவில்லை. ஏழாவது முறை அவள் குதிகாலைத் தூக்கி எட்டும்போது நான் சித்தியின் முழங்கையை இடித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்கும் மேல, மூலையில ஒண்ணு இருக்கு பாரு."